புங்கமரத்தடிக்கு அரை மதிப்பெண்

சென்ற மாதம் கவிதா போன் செய்தாள். விழுப்புரத்தில் ஒரு நடுநிலைப்பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. வேலையில் எனக்கு ரொம்பவும் இளையவள். நான் ஓய்வு பெற்ற பிறகும் சந்தேகம் வந்தால் என்னைத்தான் கூப்பிடுவாள். "மேடம், பொண்ணுங்களுக்கு அந்த மூணு நாள்ல மார்க் குறைக்கக் கூடாதுன்னு மீட்டிங்ல சொல்லிட்டாங்க. ஓட வேணாம், வேற வேலை குடுத்து அதுக்கு மார்க் போடணுமாம். உங்க காலத்துல இன்னா பண்ணீங்க?" என்று கேட்டாள்.

"எங்க காலத்துல சும்மா உக்கார வச்சிடுவோம். பி.டி. மார்க்கை யாரு பாத்தா?" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, நான் சொன்னது உண்மையும் இல்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் பி.டி. மார்க்கை எல்லாரும் பார்த்தார்கள். ஊரே பார்த்தது. போன் பேசி முடித்தபின் வெகுநேரம் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அந்தப் பெண்ணுக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதிவிடுகிறேன். படித்தால் படிக்கட்டும்.

நான் விழுப்புரம் ரயில்வே காலனியில் வளர்ந்தவள். அப்பா லைனில் வேலை செய்தார். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம், இந்தப் பக்கம் வீடு. கூட்ஸ் வண்டி நகர்வதற்குள் ஓடிக் கடக்கிற வித்தையைத் தவிர எனக்கு வேறு தகுதி ஒன்றும் கிடையாது. அந்த ஓட்டத்தைப் பார்த்து யாரோ சொல்லி, சென்னையில் ஒரு வருஷப் பயிற்சிக்குப் போனேன். கால்சட்டை போட்டுக்கொண்டு ஓடச் சொன்னார்கள். முதல் வாரம் அழுதேன், இரண்டாவது வாரம் ஓடினேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் திண்டிவனத்துக்கும் கிளியனூருக்கும் நடுவே ஒரு கிராமத்து நடுநிலைப்பள்ளியில் வேலை கிடைத்தது. அதற்கு முன்பே கல்யாணம் ஆகிவிட்டது. கணவர் திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், கணக்கு எழுதினார். அங்கேயே குடியிருந்து பாண்டிச்சேரி பஸ்ஸில் போய்வந்தேன். இந்தக் கதை நடந்தபோது கல்யாணமாகி ஆறு வருஷம். குழந்தை இல்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, கீழே வெள்ளை கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு, கழுத்தில் விசிலோடு நான் பஸ்ஸை விட்டு இறங்கினால் டீக்கடையே வேடிக்கை பார்க்கும். அதெல்லாம் எனக்குப் பழகிப்போயிருந்தது.

மற்றப் பள்ளிகளில் பி.டி. வாத்தியார் என்றால் மணி அடிப்பதற்கும், பிரேயரில் பிரம்போடு நிற்பதற்கும், தபாலாபீசுக்குப் போவதற்கும்தான். எங்கள் தலைமையாசிரியர் அப்படிப்பட்டவர் இல்லை. அவரை எல்லாரும் பெரிய சார் என்போம். கணக்கு வாத்தியாராக இருந்து தலைமையாசிரியர் ஆனவர். முதல் நாளே என்னைக் கூப்பிட்டு, "கூட்டத் தெரியாதவனுக்கு நான் கணக்குல மார்க் போடறேனா? இல்ல. அப்ப ஓடத் தெரியாதவனுக்கு நீங்க ஏம்மா போடணும்? உங்க பாடத்துக்கும் மார்க் உண்டு, ரிப்போர்ட்ல ஏறும்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் பாடத்தை ஒரு பாடம் என்று சொன்ன முதல் மனிதர் அவர்தான்.

எங்கள் பீரியட் நடக்கும்போது அவர் நாற்காலியில் உட்கார மாட்டார். வராந்தாத் தூணோரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். யாரையாவது கண்டிக்க வேண்டுமென்றால் முதலில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைப்பார். துடைத்து முடிப்பதற்குள் பாதிக் கோபம் போய்விடும், மீதியைத்தான் நமக்குத் தருவார். பிள்ளைகள் எதிரில் எந்த ஆசிரியரையும் அவர் ஒரு சொல் சொன்னதில்லை.

ஒவ்வொரு பீரியடுக்கும் பத்து மார்க். நேரத்துக்கு வரிசையில் நிற்பது, நகமும் தலையும் சுத்தமாக இருப்பது, டிரில், அப்புறம் விளையாட்டு. பருவ முடிவில் ஓட்டம், நீளம் தாண்டுதல், பந்து எறிதல். எல்லாம் சேர்த்து மாதக் கடைசியில் அவர் மேசைக்குப் போக வேண்டும். ஒரு பெயர் விடாமல் பார்ப்பார்.

"இவனுக்கு ஏன் ஏழு? எட்டு ஏன் இல்ல?"

"டிரில்ல கை மடங்குது சார்."

"எந்தக் கை?"

"இடது கை."

"சரி. அவன்கிட்ட சொன்னீங்களா? சொல்லாம குறைச்சா அது மார்க் இல்லம்மா, தண்டனை."

இப்படிப்பட்டவர்தான் மரத்தடி விதியையும் போட்டார். வயிற்றுவலி என்று டிரில்லுக்கு வராமல் போன பையன் ஒருவன் ரோட்டோரம் ஐஸ் வண்டிக்குப் போய், லாரி உரசிக் கையை உடைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு, மைதானத்தில் இறங்காத பிள்ளை யாராக இருந்தாலும் புங்கமரத்தடியில், வராந்தாவிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி உட்கார வேண்டும் என்றார். பள்ளிக்கே வராதவனுக்கு மார்க் இல்லை. மரத்தடியில் உட்கார்ந்தவனுக்குப் பாதி. "நியாயம்தானேம்மா?" என்று கேட்டார். நியாயம்தான் சார் என்றேன். பையன்களைப் பொறுத்தவரை அது நியாயமாகத்தான் இருந்தது.

பெண்பிள்ளைகளுக்கு அந்த மரம் வேறாகிவிட்டது. ஆறு, ஏழு, எட்டு வகுப்புகள். வயசுக்கு வந்த பெண்களில் பாதிப் பேர் அதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிடுவார்கள். மீதிப் பேர் மாதம் மூன்று நாள் என் அருகில் வந்து "டீச்சர், மரம்" என்பார்கள். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் சொல்லாவிட்டாலும் பையன்களுக்குத் தெரியும். "இன்னிக்கு மரத்துல யார்ரா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். சாயங்காலத்துக்குள் அது அவரவர் தெருவரைக்கும் போய்விடும். மரத்தடியில் குனிந்து உட்கார்ந்து தரையைக் கீறிக்கொண்டிருக்கும் அந்தப் பெண்களைப் பார்க்க எனக்கே கூசும். என் நாட்களில் நானும் டிரில் செய்து காட்டாமல் விசிலை மட்டும் ஊதுவேன். வராந்தாவில் இருக்கும் ஆண் வாத்தியார்கள் அதைக் கவனிக்கிறார்கள் என்று தெரியும். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வேன்.

அப்படி ஒரு ஜூன் மாதம், பள்ளி திறந்த வாரத்தில், சாயங்காலம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். எட்டாம் வகுப்பில் படிக்கும் பூங்காவனத்தின் அம்மா முனியம்மா வந்தாள். மடியில் எனக்கென்று கொஞ்சம் மல்லாட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அதைக் கொடுக்கிற சாக்கில் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள்.

"டீச்சர், ஒண்ணு சொல்லணும். வெளிய போவக் கூடாது. பூங்காவனம் பெரிய மனுஷி ஆயி ரெண்டு மாசமாவுது. அதுங்க அப்பாவுக்கே தெரியாது. எனக்கும் அதுக்கும்தான் தெரியும். இப்ப உங்களுக்கு."

"ஏம்மா மறைக்கறே?"

"என் நாத்தனா சும்மா வுடமாட்டா டீச்சர். சடங்கு சுத்தற அன்னிக்கே சின்னப் புள்ளைக்குப் பூ வச்சிட்டுப் பூடுவா. பெரியவளை அவ மூத்த புள்ளைக்குத்தான் குடுத்தேன். பதினஞ்சு வயசுல இடுப்புல ஒண்ணு, வயித்துல ஒண்ணு வச்சிக்கினு மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கினு கீது. இது எட்டாவதாச்சும் முடிக்கட்டும். எட்டாவது பாஸ் பண்ணா சத்துணவுல வேலை போட்டுத் தர்றாங்களாமே."

"நான் இன்னா பண்ணணும்?"

"மரத்தடியில மட்டும் ஒக்கார வைக்காதீங்க. உக்காந்தா ஊரு பூரா தெரிஞ்சிடும். ஓட வுடுங்க. எவ்ளோ வலிச்சாலும் ஓடறேன்னு சொல்லுது."

வலியோடு ஒரு பிள்ளையை ஓட விட எனக்கு மனசு வரவில்லை. நான் வேறு வழி செய்தேன். அந்த நாட்களில் பூங்காவனத்துக்குக் கோடு போடுகிற வேலை. சுண்ணாம்புத் தூளை டப்பாவில் எடுத்துக்கொண்டு ஓட்டப் பாதைக்குக் கோடு போடுவாள். நீளம் தாண்டுகிற குழியில் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு அளவு சொல்வாள். மைதானத்தில்தானே இருக்கிறாள், அதனால் முழு மார்க். அவள் வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை. வந்ததும் சுண்ணாம்பு டப்பாவுக்குப் பக்கத்தில் போய் நின்றால் எனக்குத் தெரியும்.

ஒல்லிப் பெண். பேசும்போது சடை நுனியைக் கடிப்பாள். ஆனால் டேப்பைக் கையில் கொடுத்துவிட்டால் பெரிய சார் மாதிரி ஆகிவிடுவாள். தாண்டியவள் கையைப் பின்னால் ஊன்றியிருந்தால், கை பட்ட இடத்திலிருந்துதான் அளப்பாள். "கால் வரைக்கும் பாருடி" என்று அவள் சிநேகிதி கெஞ்சினாலும் விடமாட்டாள். "டீச்சர் சொன்னது கையி. கைதான்" என்பாள். அவள் அளவு கத்துகிற சத்தம் வராந்தாவரை கேட்கும். மற்ற நாட்களில் பையன்களுக்குச் சமமாக ஓடுவாள்.

மரத்தடியில் இருந்த மற்றப் பெண்களுக்கும் இதே மாதிரி ஒரு டேப்பையோ ஒரு டப்பாவையோ கொடுத்திருக்கலாமே என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. கவிதாவின் மீட்டிங்கில் சொன்னது அதைத்தானே. போனை நான் அவசரமாக வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பொங்கல் முடிந்து ஆண்டு விழா வந்தது. ஒவ்வொரு பாடத்திலும் முதல் மார்க் வாங்கிய பிள்ளைக்கு ஒரு எவர்சில்வர் தட்டு. என் பாடத்துக்கும் தட்டு உண்டு. அது எப்போதும் ஒரு பையனுக்குத்தான் போகும். மாதம் மூன்று நாள் பாதி மார்க் போனால் பெண் எப்படி முதலில் வருவாள்? அந்த வருஷம் பூங்காவனம் முதலில் வந்தாள். நான் ஒரு மார்க்கும் அதிகமாகப் போடவில்லை, குறைக்கவும் இல்லை. பெரிய சார் வழக்கம்போல் துருவித் துருவிக் கேட்டுவிட்டு, "ஒரு பொண்ணு! சபாஷ்" என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அபூர்வம். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஊர் முழுக்க வந்திருந்தது. பெண்கள் ஒரு பக்கம் பாயில், ஆண்கள் பெஞ்சிலும் ஓரங்களிலும். பூங்காவனத்தின் பெயரைக் கூப்பிடும்போது பெரிய சார் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"உடற்கல்வியில் இந்தப் பள்ளியில் முதல் முறையாக ஒரு மாணவி முதல் மதிப்பெண். எட்டாம் வகுப்பு வந்துவிட்டாள், இந்த வருஷம் ஒரு நாள் கூட மரத்தடியில் உட்காராத பெண். மற்ற மாணவிகள் எல்லாரும் இவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும்."

அவர் வேறொன்றையும் நினைத்துச் சொல்லவில்லை. அவருக்கு மரத்தடி என்றால் மரத்தடிதான், மாதத்தில் பெண்கள் எதற்கு அங்கே போகிறார்கள் என்று அந்த மனிதர் யோசித்தே இருக்கமாட்டார். பாயில் இருந்த பெண்கள் யோசித்தார்கள். கைதட்டல் எழும்ப வேண்டிய இடத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. "எட்டாவது படிக்குது, இன்னும் ஒக்காரலையா?" என்றாள் ஒருத்தி. முன்வரிசையில் இருந்த பூங்காவனத்தின் அத்தை, முனியம்மா சொன்ன அந்த நாத்தனார், திரும்பி, மேடைக்கே கேட்கும்படி, "அப்ப இது இருசியாடி?" என்றாள்.

இருசி என்றால் கடைசிவரை வயசுக்கே வராதவள். எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணைப் பற்றி அதைவிடக் கேவலமாக ஒன்றும் சொல்ல முடியாது. பூங்காவனம் சிரித்துக்கொண்டே மேடை ஏறினாள், தட்டை வாங்கினாள், இறங்கும்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. அவள் அப்பா பெஞ்சிலிருந்து எழுந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டைத் தாண்டிப் போய்விட்டார். முனியம்மா பாயில் கல்லாகச் சமைந்து உட்கார்ந்திருந்தாள். நான் மேடையில், நாற்காலியில், கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

விழா முடிந்ததும் பெரிய சார் என்னிடம் வந்து, "என்னம்மா, கைதட்டலே இல்ல? பொண்ணு முதல் மார்க் வாங்கினா இந்த ஊருக்குப் பிடிக்கல போல" என்றார். நான் தலையாட்டினேன்.

மறுநாள் முனியம்மா பஸ் ஸ்டாப்புக்கு வந்தாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் இருந்தது.

"டீச்சர், நாத்தனா ராத்திரியே வந்து, இந்த மாதிரி பொண்ணு என் புள்ளைக்கு வேணாம்னு வாசல்ல நின்னு கத்திட்டுப் பூட்டா. மேல்மலையனூர் பக்கம் வேற பொண்ணு பாக்கறாளாம்."

"அதுக்கு, புள்ளையை இருசின்னு சொன்னா பரவாயில்லையா? நான் வந்து உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்றேன்."

"ஐயோ, சொல்லிடாதீங்க!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொன்னா நாளைக்கே பந்தல் போட்டுடுவாங்க. இப்ப வுட்டா எட்டாவது தாண்டிடும். ஊரு சொன்னா சொல்லிட்டுப் போவட்டும். அதை நான் அப்புறம் தொடச்சிக்கறேன்."

"பூங்காவனம் இன்னா சொல்லுது?"

"அழுவுது. அழுதுக்கினே படிக்குது."

சரி என்று சொன்னேன். அப்போது அந்தப் பேச்சு என் பக்கமும் திரும்பும் என்று எனக்குத் தெரியாது.

ஊருக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. நல்லாயிருந்த பெண் எதனால் இப்படி ஆனாள்? ஓடினாள், தாண்டினாள், அதனால் ஆனாள். ஓட வைத்தது யார்? அவளைப் பாருங்கள், கல்யாணமாகி இத்தனை வருஷம், ஒரு புழு பூச்சி உண்டா? ஒரு நாள் பஸ்ஸில் கூட்டத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் இரண்டு பெண்கள், நான் இருப்பது தெரிந்தோ தெரியாமலோ, பேசிக்கொண்டு வந்தார்கள்.

"குதிச்சுக்கினே இருந்தா வயித்துல இன்னாடி தங்கும்? அவளுக்குத்தான் இல்லன்னு ஆயிடுச்சி. நம்ம பொண்ணுங்களையும் ஏன் பாழாக்கணும்?"

நான் திரும்பவில்லை. இறங்க வேண்டிய இடத்துக்கு ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்தேன். முகம் எரிந்தது. திண்டிவனத்தில் எத்தனையோ டாக்டரம்மா வீட்டு வாசலில் நின்று பார்த்தவள் நான். அங்கெல்லாம் வராத அவமானம் அந்த வெயிலில், விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நடக்கும்போது வந்தது. ஊர் சொல்வது பொய் என்று எனக்குத் தெரியும். ஆனால் ராத்திரி படுக்கும்போது, பயிற்சியில் ஓடின ஓட்டத்தை எல்லாம் நினைத்து, ஒருவேளை நிஜமாக இருக்குமோ என்று என் வயிற்றை நானே தொட்டுப் பார்த்துக்கொள்வேன். பி.டி. டீச்சரே இப்படி நினைத்தாள் என்று எழுதக் கூசுகிறது. ஆனால் நினைத்தேன்.

ஒரு வாரத்தில் பெற்றோர்கள் கும்பலாகப் பள்ளிக்கு வந்தார்கள். பெரிய சார் என்னை அறைக்குள் கூப்பிட்டார். அவருக்குப் பக்கத்தில் பெற்றோர் சங்கத் தலைவர், ரைஸ்மில் வைத்திருப்பவர், உட்கார்ந்திருந்தார். பெரிய சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஜனங்க என்னென்னவோ சொல்றாங்கம்மா. எனக்கு அதை வாயால சொல்லவே கூச்சமா இருக்கு. டிரில் செஞ்சா பொண்ணுங்களுக்கு... உங்களையும் சேத்துச் சொல்றாங்க."

"அந்தப் பொண்ணு விஷயம் இன்னான்னு தெரிஞ்சிட்டா பேஜாரு இல்ல சார்" என்றார் தலைவர். "டீச்சருக்குத் தெரியாம இருக்குமா? பொம்பளைப் புள்ளைங்க இவங்ககிட்டதானே சொல்லும்."

பெரிய சார் என்னைப் பார்த்தார். "உங்களுக்கு ஏதாவது தெரியுமாம்மா? தெரிஞ்சா சொல்லிடுங்க. உங்க பாடத்தை நான் காப்பாத்திடறேன். ஒரு வார்த்தை போதும்."

ஒரு வார்த்தைதான். அவள் வயசுக்கு வந்து பத்து மாசமாகிறது என்று சொல்லிவிட்டால் என் பாடம் பிழைத்தது, என் பெயரும் பிழைத்தது. ஜன்னல் வழியே மைதானம் தெரிந்தது. அந்த வார்த்தை என் தொண்டைவரை வந்தது என்பதை மறைக்க மாட்டேன். பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்றேன்.

"தெரியாதா, இல்ல ஒண்ணும் இல்லையா?" என்று தலைவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். அவர் பார்வை என் இடுப்புவரை இறங்கி ஏறியது. பெரிய சார் மேசையைப் பார்த்துக்கொண்டு, "அப்படின்னா வேற வழியில்லம்மா. வருஷம் முடியறவரைக்கும் பொண்ணுங்க எல்லாம் மரத்தடியிலேயே இருக்கட்டும்" என்றார்.

"மார்க் சார்?"

"எல்லாருக்கும் ஒரே மாதிரி நூத்துக்கு ஐம்பது போட்டுடுங்க."

ஏன் ஐம்பது, ஏன் ஐம்பத்தொன்று இல்லை என்று அவர் கேட்கவில்லை. நான் அறையை விட்டு வரும்போதும் கண்ணாடி அவர் கையில்தான் இருந்தது. அதற்குப் பிறகு என் பீரியடில் அவர் வராந்தாவில் வந்து நின்றதே இல்லை. எனக்காக நான் வெட்கப்பட்டது ஒரு பங்கு என்றால், அவருக்காக வெட்கப்பட்டது இன்னொரு பங்கு.

அந்த இரண்டு மாதமும் பையன்கள் ஓடினார்கள், பெண்கள் அத்தனை பேரும் மரத்தடியில் கும்பலாக உட்கார்ந்திருந்தார்கள். பூங்காவனமும் உட்கார்ந்தாள். இப்போது யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் மற்றப் பெண்கள் அவளோடு ஒட்டாமல், ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டுத்தான் உட்கார்ந்தார்கள். அவள் மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு வாய் அசையப் படித்துக்கொண்டிருப்பாள். டேப்பைப் பிடித்து அளவு சொல்ல ஆள் இல்லாமல் நானே இரண்டு முனைக்கும் ஓடினேன். ஒரு தடவை அவள் என்னைப் பார்த்து, "கை பட்ட எடத்துலருந்து டீச்சர்" என்று மெல்லச் சொன்னாள். பையன்கள் சிரித்தார்கள்.

மாசியில் அத்தை தன் மகனுக்கு வேறு பெண்ணைக் கட்டிவைத்தாள். ஏப்ரலில் பூங்காவனம் பரீட்சை எழுதினாள், தேறினாள். மே மாதம் முதல் வாரத்தில், முனியம்மா தன் மகள் பெரிய மனுஷி ஆகிவிட்டாள் என்று தெருவுக்குச் சொன்னாள். தாய்மாமன் வந்து பச்சை ஓலைக் குடிசை கட்டினான். இருசி என்று சொன்ன ஊர், சாமி கண் திறந்தது என்று சொல்லிவிட்டு வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டது. ஒன்பதாவது படிக்கத் திண்டிவனத்துக்கு அனுப்ப அப்பாவும் ஒத்துக்கொண்டுவிட்டார், கட்டிக்கொடுக்க அவசரப்படுத்த இப்போது ஆள் இல்லையே. முனியம்மா நினைத்ததை எல்லாம் முடித்துவிட்டாள்.

என்னைத் திண்டிவனத்துக்கே வந்து அழைத்தாள். "நீங்க இல்லாம இது இல்ல டீச்சர், கண்டிப்பா வரணும்" என்று என் கணவரிடமும் சொல்லிவிட்டுப் போனாள். அவள் போனபிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடைத்தெருவுக்குப் போய்ப் பூங்காவனத்துக்கு ஒரு தாவணித் துணி எடுத்தேன். என் கல்யாணப் பட்டுப்புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டேன். கணவர் பார்த்துவிட்டு, "சொந்தப் பொண்ணுக்குச் செய்யற மாதிரி கெளம்பறே" என்றார்.

வீட்டு வாசலில் பந்தல். பூங்காவனத்தை மனையில் உட்கார வைத்திருந்தார்கள். மாலையும் மஞ்சளுமாக அவளை அடையாளமே தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் சிரித்தாள், ஆண்டு விழாவுக்குப் பிறகு முதல் தடவையாக. பெண்கள் வரிசையாகப் பாயில் உட்கார்ந்திருந்தோம். நலங்கு ஆரம்பமாயிற்று. முனியம்மா சந்தனமும் குங்குமமும் மஞ்சளும் வைத்த தாம்பாளத்தை ஒவ்வொருத்தியிடமும் கொடுப்பாள். வாங்கியவள் எழுந்து போய்ப் பெண்ணுக்குக் கன்னத்திலும் கையிலும் பூசி, பூவைத் தலையில் போட்டுவிட்டு வருவாள். அத்தை முதலில் வைத்தாள். அவளுடைய மூத்த மருமகள், பூங்காவனத்தின் அக்கா, வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரி வைத்தாள். என் முறை வந்தது. நான் எழுந்திருப்பதற்குத் தோதாகக் காலை மடக்கிக்கொண்டு, இரண்டு கையையும் தாம்பாளத்துக்கு நீட்டினேன்.

முனியம்மா என் கையைப் பார்த்தாள். அவள் நாத்தனார் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாம்பாளம் என்னைத் தாண்டி, எனக்கு அடுத்தாற்போல் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தவளிடம் போயிற்று.

பிள்ளை இல்லாதவள் நலங்கு வைக்கக் கூடாது. இது எனக்குத் தெரியாத விஷயமா? எத்தனையோ வீடுகளில் நானே பின்வரிசையில் போய் உட்கார்ந்துகொள்பவள்தான். இந்த வீட்டில் மட்டும் மறந்துபோனேன். நீட்டின கையை மடக்கி எங்கே வைப்பது என்று தெரியவில்லை. புடவைத் தலைப்பைச் சரிசெய்வதுபோல் இழுத்துக்கொண்டேன். ஊர் என்னை என்ன சொன்னபோதும் எனக்கு இவ்வளவு வெட்கம் வந்ததில்லை.

"அம்மா, டீச்சரு இன்னும் வைக்கல" என்றாள் பூங்காவனம், அளவு சொல்கிற அதே சத்தமான குரலில்.

"சும்மா இருடி" என்றாள் முனியம்மா. அவள் குரல் உடைந்திருந்தது.

 அத்தைதான், மரியாதையாகவே, "டீச்சருக்கு எலை போடுங்கடி. ஜல்தியா சாப்ட்டு பஸ்ஸைப் புடிக்கணும் இல்ல" என்றாள்.

போய் இலையில் உட்கார்ந்தேன். முனியம்மாவே வந்து பரிமாறினாள். வேறு யாரையும் விடவில்லை. வடை இரண்டு வைத்தாள். பாயசம் ஊற்றினாள், நான் போதும் என்று கையை மறித்தபோதும் இன்னொரு கரண்டி ஊற்றினாள். கடைசிவரை நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் எல்லாவற்றையும் சாப்பிட்டேன், ஒன்றையும் மிச்சம் வைக்காமல். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. மகளுக்காக ஊரையே ஏமாற்றத் துணிந்தவளுக்கு, எனக்காக ஒரு தாம்பாளத்தை நீட்டத் துணிவு இல்லை, அவ்வளவுதான். அன்றைக்கு நீட்டியிருந்தால் மகளுக்கு ஏதாவது ஒன்று ஆகும்போதெல்லாம் அந்த ஊர் அதைச் சொல்லும் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்தபோது கணவர் மண்டியிலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தார். என் புடவையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"நலங்கு வச்சியா?" என்று கேட்டார்.

"வச்சேன்" என்றேன்.

நல்லது என்று சொல்லிவிட்டு, துண்டை எடுத்து முகத்தை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.